ஊதலும் பாதரசமும்

வியாசர்பாடி ஜீவா நிலையத்தின் நடைமேடையில் மின்சார ரயிலுக்காகக் காத்து நிற்கையில், அங்கே நில்லாமல் கடந்துபோகும் எக்ஸ்பிரஸ் வண்டியின் ஊதல், நம்மை நெருங்கும்வரை கூர்மையாகவும், நம்மைத் தாண்டிய கணத்திலேயே சுருதி இறங்கியும் ஒலிப்பதைக் கவனித்திருப்பீர்கள். டாப்ளர் விளைவு எனப்படும் இந்த மாயம் சப்தத்துக்கு மட்டுமன்று, ஒளிக்கும் உண்டு; அணுக்கருவை ஒளியால் அளப்போருக்கு அது ஓர் இடையூறு.

ஜெனீவா நகரத்தை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில், 2004-ஆம் ஆண்டு இந்தியா அன்பளித்த நடராஜர் சிலை நிற்கிறதே, அதே ஸ்தாபனத்தில், ஐசோல்ட் என்னும் பகுதி 1967 முதல் அற்பாயுளுடைய கதிரியக்க அணுக்களை உற்பத்தி செய்து வருகிறது. சில விநாடிகளில் சிதைந்துவிடும் கருவை எந்தக் கோலால் அளப்பது? கருவைச் சூழ்ந்த எலெக்ட்ரான்களில் சில கருவினுள்ளேயே புகுந்து மீள்வதால், கரு சற்றுப் பருத்தாலும் நீண்டாலும், அணு ஏற்கும் ஒளியின் நிறம் பத்து லட்சத்தில் சில பங்கு விலகுகிறது. நிறம் பிசகாத லேசர் ஒளியால் அந்தச் சூட்சும விலகலைப் பிடித்துவிடலாம்.

ஆனால் அணுக்கள் ஆளுக்கொரு வேகத்தில் ஓடுவதால், ஆயிரம் வண்டிகள் ஒருசேர ஊதியதுபோல் நிறங்கள் குழம்பிவிடுகின்றன. அவற்றை அடக்கி நிறுத்துவதே வழி என்று நமக்குத் தோன்றும்; 1976-இல் காஃப்மன் என்பவர் எடுத்துரைத்த உபாயமோ, பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தால் அவற்றை இன்னும் விரட்டுவது! முன்னரே வேகமாக வந்த அணு மின்புலத்தைச் சீக்கிரம் கடந்துவிடுவதால் கொஞ்சமே வேகம் பெறுகிறது. மந்தமாக வந்தது அதிக நேரம் தங்கி அதிகம் பெறுகிறது. ஆக முடிவில் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓட, லேசருக்கு ஒரே சுருதி கேட்கிறது. பந்தயத்தில் இப்படியொரு நியாயம் மனிதருக்கு வாய்ப்பதில்லை.

கருவை ஒளியால் அளக்கும் இத்துறையின் பெரிய ஆச்சரியத்தை அளித்தது, நம் சித்த வைத்தியர் ரசம் என்று போற்றும் பாதரசமே. லேசர் துணையின்றி, விளக்கொளி கொண்டே, 1972-இல் ஐசோல்டில் கண்டது இது: நிறை எண் 185-ம் 183-ம் உடைய பாதரசக் கருக்கள் திடீரெனப் பருத்திருந்தன. இரட்டைப்படைக் கருக்கள் ஏறக்குறைய உருண்டையாயிருக்க, ஒற்றைப்படைக் கருக்கள் எலுமிச்சைபோல் நீண்டுகொண்டன. 2018-இல் லேசரைக் கொண்டு 177 வரை இறங்கிப் பார்த்தபோது, இந்த ஊசலாட்டம் 181-உடன் நின்றுபோவது தெரிந்தது. அந்த எல்லைக்குள்ளோ, நூறுக்கு மேற்பட்ட நியூட்ரான்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரே ஒரு நியூட்ரான் வந்தாலும் போனாலும் வீட்டின் வடிவமே மாறிவிடுகிறது.