தாம்பரத்திற்கு வந்த ஜூலுத் தலைவர்



நாம் நாள்தோறும் இரயிலேறி இறங்கும் இந்தத் தாம்பரத்திற்கு, 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு ஜூலுத் தலைவர் வந்தார். பெயர் ஆல்பர்ட் லுத்துலி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் நடந்த உலக மறைபரப்பு மாநாட்டின் பிரதிநிதி அவர். பிரிந்த சகோதரர் சபையைச் சேர்ந்தவராயினும், அவர் வாழ்வு நமக்கும் பாடமே.

ஆசிரியராயிருந்த அவரைக் குரூட்வில் மக்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். 1936இல் பொறுப்பேற்றார். ஜூலு மரபுப்படி வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பதும், வெள்ளையர் அரசின் சட்டத்தை எடுத்துரைப்பதும் அவர் வேலை. மரபு, மறை, அரசு ஆகிய மூன்றுக்கும் நடுவே நின்று, நீதியையே அளவுகோலாகக் கொண்டார்.

1952இல் அரசு, "ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசை விடும், இல்லையேல் தலைவர் பதவியை விடும்" என்றது. இரண்டையும் விட மறுத்தார். பதவி பறிபோயிற்று.

1961இல், முந்தின ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசை ஓஸ்லோவில் பெற்றபோது, ஜூலுத் தலைவருக்குரிய தலையணியோடு நின்றார். கிறிஸ்துவுக்காகத் தம் இனத்தின் கோலத்தை அவர் உதறவில்லை.

நாமும் கோயிலில் பொங்கல் வைக்கிறோம், குத்துவிளக்கு ஏற்றுகிறோம், தேர் இழுக்கிறோம். நல்லது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் (1962-65) இதற்கு வழி திறந்தது. ஆனால் மரபு என்னும் பெயரால் சாதியும் கூடவே உள்ளே வருகிறதே! அதை வாசலிலேயே நிறுத்த நமக்கும் அந்த அளவுகோல் வேண்டும். லுத்துலி அதற்கு விலையாகப் பதவியைக் கொடுத்தார். நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்?