காவியத்து நந்தனாரும் திரைப்பட நந்தனாரும்



1942-இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில், தில்லை செல்ல விடைவேண்டி வேதியப் பண்ணையார்முன் கைகட்டி நிற்கிறார் நந்தனார். இளமையில் நாம் அதையே புராணம் என நம்பினோம். பெரியபுராணத்தைப் படித்தபோதுதான், அதில் அப்பண்ணையாரே இல்லை எனக் கண்டோம். அவர் 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் படைத்த பாத்திரம்.

சேக்கிழாரின் நந்தனார் ஊர்ப்பணிக்குரிய நிலவிளைவில் வாழ்ந்தவர். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்தவர். திருப்புன்கூரில் குளம் வெட்டியவர். அவர் தந்த தோல் உள்ளே முழங்கியது. அவரோ வெளியே நின்றார். தீயில் மூழ்கிய பின்னரே வாயில் திறந்தது என்பதில் சேக்கிழாரும் பாரதியாரும் ஒன்றுபடுகின்றனர்.

இளைஞர்களே, நம் கதையைப் பிறர் சொல்லக் கேட்பதோடு நில்லாதீர், மூலநூலைப் படியுங்கள். தீக்குளிக்காமலே திறக்கவேண்டிய வாயில் கல்வி. அதற்கே இச்சங்கம்.