ஏரி வண்டலும் மணிச்சத்தும்



ஏரிநீர் பச்சையாவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் அடியிலேயே கிடக்கிறது. வயலில் மிகையாக இடும் மணிச்சத்து, மழை அரிக்கும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஏரியில் வண்டலாகப் படிகிறது. அடிநீரில் பிராணவாயு குன்றியதும், வண்டலில் இரும்போடு பிணைந்திருந்த அச்சத்து விடுபட்டு நீரில் கலக்கிறது. பாசி பெருகுகிறது, அது அழுகும்போது மீன்களும் மடிகின்றன. எனவே, இன்று உரத்தைக் குறைத்தாலும் நாளையே நீர் தெளிந்துவிடாது. பழைய வண்டலும் அகலவேண்டும்.

முன்னோர் ஆற்றிவந்த குடிமராமத்து, 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாக மீண்டும் தொடங்கிற்று. கோடையில் ஏரி வற்றியதும், உரிய அனுமதி பெற்று வண்டலை எடுங்கள். பரிசோதித்த பின் வயலில் பரப்புங்கள். வரப்பை உயர்த்துங்கள், வரத்துக்கால் ஓரங்களில் புல் வளர விடுங்கள், மண் பரிசோதனைப்படி உரமிடுங்கள். நாம் காசு கொடுத்து வாங்கிய உரமன்றோ ஏரியில் கிடக்கிறது! அதை வயலுக்கே திருப்புவோம்.