சாவி மட்டும் போதாது, பத்திரமும் வேண்டும்



நான் கொத்தனார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பூட்டிக் கிடந்த தன் ஓட்டு வீட்டை ஒரு குடும்பத்துக்குத் தானமாகக் கொடுத்தார். அந்தக் குடும்பத்து அக்கா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். வாடகைக்குக் கேட்ட இடத்திலெல்லாம் “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வியோடு கதவு மூடியது. கொலம்பியாவில் படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அண்ணல் அம்பேத்கருக்கே தங்க வீடு கிடைக்கவில்லை.

முதலில் பத்திரம் பதியச் சொன்னேன். அதுவரை கரண்டியைத் தொடவில்லை. “சாவிதான் கொடுத்தாச்சே, பத்திரம் எதுக்கு?” என்றார்கள் சிலர். வாய்வார்த்தையாகக் கொடுத்ததை நாளை வாரிசுகள் பிடுங்கலாம். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், 123-ஆம் பிரிவு: கொடுப்பவர் கையெழுத்து, குறைந்தது இரண்டு சாட்சிகள், பதிவு. பதிந்துவிட்டால் கொடுத்தவர் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. அக்கா பெயரில் பதிந்து, பட்டாவும் மாற்றினோம்.

பிறகுதான் வேலை. கரையான் அரித்த சட்டங்களை மாற்றினோம். ஓட்டை இறக்கி, நல்லதைக் கழுவி மறுபடி அடுக்கினோம். உப்பு பூத்த பூச்சை உதிர்த்துப் புதிதாகப் பூசினோம். அக்காவின் மகனும் ஞாயிறுதோறும் கலவை போட்டான். பொருள் செலவைத் தோழர்கள் முன்பணமாகப் போட்டோம். பழைய வாடகையைவிடக் குறைந்த தொகையை மாதாமாதம், வட்டியில்லாமல் அந்தக் குடும்பம் திருப்பித் தருகிறது. அதனால் அவர்கள் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி வைத்தோம். ஒன்று நிரம்பினால் மூடிவிட்டு மற்றதற்குத் திருப்பலாம். இரண்டு ஆண்டில் மூடிய குழியில் இருப்பது மக்கி உரமாகிவிடும். 2013-இல் தடைச் சட்டம் வந்த பிறகும் மனிதர்களை மலக்குழியில் இறக்கிக் கொல்லும் நாடு இது. வீடு கட்டுகிறவர்கள்தான் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

அந்த வீடு ஊருக்குள் இருக்கிறது. “எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்களே வாங்கியிருப்போமே சார்” என்று தெருக்காரர்கள் ஆசிரியரிடம் வருத்தப்பட்டார்கள். இத்தனை ஆண்டு பூட்டிக் கிடந்தபோது வாங்க வராதவர்கள் அவர்கள். காலனி வீடுகள் பெரும்பாலும் சேரியை ஒட்டியே கட்டப்படுகின்றன. கூரை கிடைத்தாலும் ஊரும் சேரியும் அப்படியேதான் இருக்கின்றன. இதை உடைக்கத்தான் 1997-இல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம் வந்தது. நூறு வீட்டில் 40 பட்டியல் சாதியினருக்கு, எல்லோரும் ஒரே குடியிருப்பில்.

உங்கள் ஊரிலும் பூட்டிய வீடுகள் இருக்கும். யாராவது கொடுக்க முன்வந்தால் நன்றி சொல்லுங்கள். கூடவே மூன்று கேள்விகளும் கேளுங்கள்: பத்திரம் யார் பெயரில்? வீடு எந்தத் தெருவில்? மலக்குழியை யார் சுத்தம் செய்வது?