ஆண்டுக்கு எத்தனை நாள்?

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் விவசாயத் தோழர்களே, முன்னால் வந்து உட்காருங்கள். இன்று பேசப்போவது உங்களைப் பற்றித்தான்.

களைக்கொல்லிக்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்பதைத் திருவாரூரில் வைத்துக் கேட்கக் காரணம் இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு என்றைக்கு எட்டும் என்று சொல்ல முடியாததால் இங்கே நேரடி விதைப்பு பெருகிவிட்டது. நடவு வயலில் நிற்கும் தண்ணீரே பாதிக் களையை அமுக்கிவிடும். நேரடி விதைப்பிலோ நெல்லும் களையும் சேர்ந்தே முளைக்கின்றன. கைக்களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. மருந்துக் கடைக்குப் போகும் விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த மருந்து வயலுக்குப் போகிற விதத்தைப் பாருங்கள். பூட்டாகுளோரை மணலில் ஊற்றி, வெறுங்கையால் பிசறி, எரு வீசுவதுபோல வீசுகிறார்கள். தெளிக்கிற மருந்தென்றால், டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஒருவர் வருகிறார். கைலியை மடித்துக் கட்டியிருப்பார். சேற்றில் செருப்போடு நடக்க முடியாது, அதனால் வெறுங்கால். நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். ஊதிவிட்டு அடுத்த வயலுக்குப் போவார்.

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஆண்டுக்கு 20 நாளுக்கு மேல் களைக்கொல்லியோடு புழங்கிய விவசாயிகளுக்கு, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று, அதாவது இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை, வரும் வாய்ப்பு 6 மடங்கு என்று 1986-இல் ஓர் ஆய்வு சொன்னது. அங்கே பெரிதும் சந்தேகிக்கப்பட்ட 2,4-டி நம் கடைகளிலும் விற்கிறது. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, நாம் வரப்புப் புல்லுக்கு அடிக்கும் கிளைபோசேட்டை ‘மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவில் வைத்தது. 2,4-டியை அதற்கு ஒரு படி கீழே வைத்தது. ஆனால் மருந்து தெளிப்பவர்கள் 54,000 பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு, கிளைபோசேட்டுக்கும் லிம்போமாவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2018-இல் எழுதியது. ஆகவே, களைக்கொல்லிதான் காரணம் என்று இந்த மேடையில் நான் அறிவிக்கமாட்டேன். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லமாட்டேன்.

என் நெஞ்சில் தைப்பது அந்த 20 நாள். சொந்த வயலுக்கு மட்டும் அடிப்பவருக்கு ஒரு போகத்துக்கு இரண்டு மூன்று நாள் வேலைதான். கூலிக்கு அடிப்பவரோ சம்பா தொடக்கத்தில் ஒரே மாதத்தில் இருபதைத் தாண்டிவிடுவார். நம் கணக்கில் அவர் எங்கே இருக்கிறார்?

அடையாறு புற்றுநோய் நிலையம் தமிழ்நாடு முழுமைக்கும் புற்றுநோய்ப் பதிவேடு நடத்திவருகிறது. எந்த வயதில், எந்தப் புற்று, எத்தனை பேருக்கு என்று அது சொல்லும். என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர்களாகிய நாம் கேஸ் ஷீட்டில் எழுதினால்தானே யாராவது எடுத்து ஆராய முடியும்? இத்தனை வருட இரத்தநோய் மருத்துவத்தில் நானே ‘தொழில்: கூலி’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றால் முதுகெலும்பு நொறுங்கி வந்த ஒருவரின் மகள்தான் சொன்னாள்: “அப்பா முதுகுல இருபது வருசமா டேங்கு இருந்துச்சு சார்.” அதை எழுத அந்தத் தாளில் இடமில்லை. ஓரத்தில் எழுதினேன்.

இன்று மாலை கலைவதற்குள் நான்கு கேள்விகளை முடிவு செய்வோம்: என்ன மருந்து, எத்தனை வருடம், வருடத்துக்கு எத்தனை நாள், சொந்த வயலா கூலிக்கா. மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை இதைக் கேட்கத் தொடங்குவோம். மருந்து அடிக்கும் நண்பர்களே, ஆஸ்பத்திரிக்கு வரும்போது மருந்தின் பெயர் நினைவில்லை என்றால் காலி டப்பாவை ஒரு பையில் கட்டி எடுத்து வாருங்கள். லேபிளைப் பார்த்து நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.