கையுறையும் ஆசானும்



தெருவில் கத்தி தூக்கும் இளைஞனுக்குக் குத்துச்சண்டை கற்பித்தால் வன்முறை குறையுமா, பெருகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அடிக்கப் பழகியவன் அடிக்கத்தானே செய்வான் என்பது அவர்தம் ஐயம். நேர்மையான ஐயமே. விடையாக இருவர் வாழ்வைச் சொல்கிறேன்.

1954-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லூயிவில் நகரில், பன்னிரண்டு அகவைச் சிறுவன் ஒருவனின் புது மிதிவண்டி களவுபோயிற்று. கட்டடத்தின் கீழறையில் காவலர் ஒருவர் இருப்பதறிந்து ஓடினான். திருடியவனை நொறுக்குவேன் என்று அழுதான். அக்காவலர் சோ மார்ட்டின், அங்கேயே சிறுவர்க்குக் குத்துச்சண்டை கற்பித்து வந்தவர். கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒருங்கே பயில்வது அரிதாயிருந்த அந்நகரில், அவர் கூடத்தில் இருவர்க்கும் இடமிருந்தது. முதலில் சண்டையிடக் கற்றுக்கொள் என்றார். ஆறாண்டு கழித்து, உரோம் ஒலிம்பிக்குப் போட்டிக்கு வானூர்தியில் செல்ல அவ்விளைஞன் அஞ்சியபோது, பூங்காவில் நெடுநேரம் பேசித் தேற்றியவரும் மார்ட்டினே. அங்கே பொற்பதக்கம் வென்றவர்தாம் பின்னாளில் முகமது அலி. 1980-இல் நம் சென்னைக்கும் வந்து களத்தில் நின்றார்.

மற்றவர் மைக் டைசன். நியூயார்க்கில் வழிப்பறி செய்து, சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட சிறுவர். கசு டமாட்டோ என்னும் முதிய ஆசான் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தார். 1985-இல் ஆசான் மறைந்தார். மறு ஆண்டே, இருபது அகவையில், டைசன் உலக வாகை சூடினார். 1992-இல் பெண்ணொருத்திக்கு இழைத்த வன்கொடுமைக்காகச் சிறை புகுந்தார். ஆசான் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று நான் உறுதி கூறேன். வாகைப் பட்டத்துக்காகச் சிறுவனின் தவறுகளை அவரும் பொறுத்துக்கொண்டார் என்று, உடன் பணியாற்றிய பயிற்சியாளரே குறை கூறியதுண்டு. அங்கேதான் வழுக்கல்.

2000-இல் இரியோ நகரின் மாரே குடிசைப்பகுதியில் ஆங்கிலேயர் ஒருவர் தொடங்கிய கூடத்தில், குத்துச்சண்டையோடு பாடமும், வேலைக்கு வழிகாட்டலும் சேர்ந்தே வந்தன.

வடசென்னைக்கு இக்கலை புதிதன்று. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகள் அங்குண்டு. (வழிமரபு என்றே நாம் சொல்வோம்.) கையுறைக்குப் பணம் தருவோர் கிடைப்பர். நான் கேட்பது வேறு. மாலைதோறும் வந்து நிற்கவும், வராத பையனின் வீடு தேடிச் செல்லவும், வெல்லக்கூடியவனே ஆயினும் தவறிழைத்தவனைக் களத்திலிருந்து இறக்கவும் துணிந்தவர் இங்கே எத்தனை பேர்? பெயர் தருவோர் உரை முடிந்ததும் என்னிடம் வருக.