பொய் மிருகமும் மெய் மிருகமும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் பேச ஒப்புக்கொண்ட விஷயம், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஜந்துக்களை அறிஞர்கள் எப்படி வர்ணிக்கிறார்கள், எப்படி இனம் பிரித்துப் பெயர் வைக்கிறார்கள் என்பதாகும். வாசலிலேயே ஒரு தோழர், "இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சமாசாரமாயிற்றே, நமக்கெதற்கு?" என்று கேட்டுவிட்டார். நமக்குத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். "இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது" என்று ஒருவன் சொன்னால், அதை எதைக் கொண்டு ஒப்புக்கொள்வது, எதைக் கொண்டு தள்ளுவது என்பதுதான் இந்தச் சாஸ்திரத்தின் அஸ்திவாரம். நம்மிடத்தில் தினந்தோறும் எத்தனையோ பேர் வந்து "இருக்கிறது, இருக்கிறது" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள் அல்லவா?

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே "நாககன்னி" இருக்கிறாள் என்று தப்படித்துச் சொன்னார்கள். காசு கொடுத்துப் போனேன். மேசைமேல் ஒரு பெண்ணின் தலை. தலைக்குக் கீழே சுருண்ட பாம்பு. அந்தத் தலை பேசிற்று, பேர் கேட்டால் சொல்லிற்று, தாய் தகப்பன் சாபம் என்று அழுதது. பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் கூடாரத்துக்குப் பின்னால் அந்த நாககன்னி இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு பழைய சோறு தின்றதைப் பார்த்தேன். வீட்டில் வந்து சொன்னதற்கு எனக்கு அடிதான் கிடைத்தது.

இந்த மாதிரி வித்தை நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. 1735-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் ஒரு ஏழு தலைப் பாம்பு இருந்தது. உயிருள்ளதல்ல, பாடம் செய்யப்பட்டது. பிராக் நகரத்து மாதா கோயில் ஒன்றிலிருந்து வந்ததாகப் பேர். அதை வைத்திருந்தவரோ அந்நகரத்தில் தலைமை அதிகாரி. அதன் படம் பெரிய புஸ்தகத்திலேயே அச்சாகிவிட்டது. பெரிய விலைக்குப் பேரம் நடந்துகொண்டிருந்தது. அச்சில் வந்துவிட்டால் அப்புறம் சந்தேகம் ஏது?

அந்தச் சமயத்தில், வைத்தியப் பட்டம் வாங்க ஹாலந்துக்குப் போகும் வழியில் ஸ்வீடன் தேசத்து வாலிபர் ஒருவர் அங்கே வந்தார். வயது 27. பெயர் கார்ல் லின்னேயஸ். அவர் ஏழு தலையையும் எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பாம்பின் பல் ஒரு மாதிரி, பாலூட்டும் பிராணியின் பல் வேறு மாதிரி. இந்தப் பாம்புக்கு இருந்த தாடையும் காலும், நம் கீரியைப் போன்ற வீசல் என்கிற சிறு பிராணியினுடையவை. அவற்றை ஒட்டி, மேலே பாம்புத் தோலைப் போர்த்தியிருந்தார்கள். லின்னேயஸ் இதை வெளியில் சொல்லிவிட்டார். உடனே விலை விழுந்தது. பேரம் கெட்டவர்களுடைய கோபத்துக்குப் பயந்து அவர் அந்த ஊரைவிட்டே அவசரமாகக் கிளம்பவேண்டியதாயிற்று. உண்மை சொன்னவன்தான் ஊரைவிட்டு ஓடினானேயொழிய, பொம்மை செய்தவன் ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு தலையோடு பாம்புக்குட்டி எப்போதாவது பிறப்பது உண்டு. அது பிறவிக் கோளாறு. கன்றுக்குட்டியிலும் அப்படி உண்டு. அதைப் பிடித்து இனம் என்று யாரும் எழுதுவதில்லை. தன்னைப் போலவே குட்டி போட்டு வாழையடி வாழையாக வருகிற கூட்டத்துக்குத்தான் இனம் என்று பெயர்.

இனி, மெய்யான மிருகத்துக்கு வருவோம். பொய்யைப் பொய் என்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். பொய் மாதிரித் தோன்றுகிற மெய்யை மெய் என்று ஒப்புக்கொள்வதுதான் அதைவிடக் கஷ்டம்.

1797-இல் ஆஸ்திரேலியாவில் ஹாக்ஸ்பரி நதிப் பக்கத்தில், பூர்வகுடி ஒருவர் தண்ணீரில் ஒரு பிராணியை ஈட்டியால் குத்திப் பிடித்ததைக் கவர்னர் ஜான் ஹண்டர் பார்த்தார். மறு வருஷம் அந்த மாதிரிப் பிராணி ஒன்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதற்கு வாத்தின் அலகு, நீர்நாயின் ரோமம், அகலத் தட்டையான வால், விரல்களுக்கிடையில் தோல். ஆணுக்குப் பின்காலில் விஷ முள்ளும் உண்டு. இதைத்தான் இன்று பிளாட்டிபஸ் என்கிறோம்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஷா என்பவரிடம் இதைப் போன்ற தோல் ஒன்று வந்தது. அந்தக் காலத்தில் கீழைக் கடல்களிலிருந்து கப்பல்காரர்கள் குரங்கையும் மீனையும் தைத்துக் "கடல் கன்னி" என்று விற்பது வழக்கம். ஆகவே, யாரோ நாலுகால் பிராணியின் தலையில் வாத்தின் அலகை ஒட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றுகிறது என்று ஷா தாமே எழுதினார். ஆனால் அதோடு விட்டாரா? மிக நுணுக்கமாகப் பரிசோதித்து, ஒட்டு இல்லை என்று தமக்குத் திருப்தி ஏற்பட்ட பிறகு 1799-இல் வர்ணனையும் படமும் பெயரும் அச்சிட்டார். தம் சந்தேகத்தையும் கூடவே அச்சிட்டார். ஹாம்பர்க்கில் பொய்யைப் பிடித்த அதே பரிசோதனைதான் இங்கே மெய்யைக் காப்பாற்றிற்று. நம் ஊரில் சந்தேகப்படுகிறவனை நாஸ்திகன் என்கிறார்கள். அங்கே சந்தேகத்தை எழுதி வைப்பது யோக்கியதையாகக் கருதப்பட்டது.

பெயர் வைப்பதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. ஷா வைத்த முதற்பெயர் பிளாட்டிபஸ். தட்டைக் கால் என்று அர்த்தம். ஆனால் அந்தப் பெயரை 1793-இலேயே ஒரு வண்டுக்கு வைத்துவிட்டார்கள். ஒரு பெயர் இரண்டு பேரினத்துக்கு ஆகாது என்பது சட்டம். ஆகையால் வண்டு ஜெயித்தது! 1800-இல் ஜெர்மானியப் பண்டிதர் புளூமென்பாக் வேறொரு பிரதியைப் பார்த்து ஆர்னித்தோரிங்கஸ் பாரடாக்ஸஸ் என்று பெயரிட்டிருந்தார். அதில் முதற்பாதியை எடுத்துக்கொண்டார்கள். பின்பாதிக்கு, முந்தி எழுதினவர் ஷா என்பதால், அவர் வைத்த அனாடினஸ், அதாவது வாத்து போன்றது, என்பதே நின்றது. இரண்டு தேசத்தார் வைத்த பெயரை ஒட்டிப் போட்டதுதான் இன்று அதன் பெயர். அரசன் ஆணையிட்டோ, குரு ஆசீர்வதித்தோ இது நடக்கவில்லை. யார் முந்தி அச்சிட்டார் என்ற தேதிதான் தீர்ப்புச் சொல்லிற்று. மிருகங்களின் பெயர்களுக்கு இந்தக் கணக்கு, லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட புஸ்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அதில் அவர் நாலாயிரத்துச் சொச்சம் பிராணிகளை எழுதினார். இன்று எழுதப்பட்டிருப்பவை பத்து லட்சத்துக்கு மேல். அதிலே பெரும்பகுதி பூச்சிகள்.

பெயர் வைத்தால் மாத்திரம் போதாது. எந்த உடலைப் பார்த்து எழுதினார்களோ அந்த உடலை ஒரு மியூசியத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். அதற்கு மூலமாதிரி என்று பேர் சொல்லலாம். ஷா பார்த்த தோல் இன்றைக்கும் லண்டனில் இருக்கிறது. "நீ சொன்னது தப்பு" என்று சொல்ல ஒருவன் விரும்பினால் அந்த மூலத்தைப் பார்த்துச் சொல்லலாம். கர்ப்பக்கிரகத்துக்குள் இன்னார்தான் போகலாம் என்பதைப்போல் அதற்குத் தீட்டுக் கிடையாது.

சரி, மிருகம் மெய்தான். ஆனால் அதை எந்த வகையில் சேர்ப்பது? இதில்தான் பெரிய பெரிய பண்டிதர்கள் சுமார் 85 வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ரோமம் இருக்கிறதே, பாலூட்டியா? அறுத்துப் பார்த்தால் பறவைக்கும் பல்லிக்கும் இருப்பதுபோல் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல்தான் இருக்கிறதே, முட்டையிடுமா? பிரெஞ்சுப் பண்டிதர் ஜெப்ராய் முட்டையிடும், ஆகையால் பாலூட்டியல்ல என்றார். ஜெர்மனியில் மெக்கல் என்பவர் பால் சுரப்பியையே கண்டுபிடித்துக் காட்டினார். அப்படியும் ஜெப்ராய், அது பாலே அல்ல என்று சாதித்தார். இங்கிலாந்தில் ரிச்சர்டு ஓவன், அது பால்தான், ஆனால் முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்து குட்டியாக வரும் என்று நடுவழி சொன்னார். "பால் கொடுப்பது முட்டையிடாது" என்ற ஒரு வாக்கியத்தை எல்லாரும் வேதம்போல் நெஞ்சில் வைத்துக்கொண்டதே சண்டைக்குக் காரணம். விஞ்ஞானியானாலும் மனிதன் மனிதன்தானே!

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளில் சிலர் அது முட்டையிடுகிறது என்று ஆரம்பத்திலேயே சொன்னார்கள். 1864-இல் விக்டோரியாவில், பிடித்து வைத்திருந்த ஒரு பெண் பிராணி இரண்டு முட்டை இட்டதாக ஒரு டாக்டர் ஓவனுக்குக் கடிதமே எழுதினார். பயத்தினால் கருக்கலைந்திருக்கலாம் என்று ஓவன் அதைத் தள்ளிவிட்டார். சொன்னவன் காட்டுவாசி, எழுதினவன் ஊர்பேர் தெரியாதவன்; தள்ளுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆற்றங்கரையில் வாழ்கிறவனுக்குத் தெரிந்தது, நாற்காலியில் இருந்தவர்களுக்குத் தெரிய 85 வருஷமாயிற்று.

கடைசியில் 1884-இல் வில்லியம் கால்டுவெல் என்ற வாலிபர் குவின்ஸ்லாந்தில் பர்னெட் நதிக்கரையில் முகாம் போட்டார். பூர்வகுடிகளையே கூலிக்கு வைத்து எத்தனையோ பிராணிகளைக் கொன்று பார்த்தார். அந்தக் கொலைக் கணக்கை நான் மெச்சவில்லை. ஒரு நாள், ஒரு முட்டையை இட்டுவிட்டு இன்னொரு முட்டை வாசலில் நிற்கிற நிலையில் ஒரு பெண் பிளாட்டிபஸ் அகப்பட்டது. உடனே கனடாவில் மான்ட்ரீல் நகரத்தில் கூடியிருந்த அறிஞர் சபைக்குத் தந்தி போயிற்று. நாலே நாலு வார்த்தைத் தந்தி. சபையில் அது செப்டம்பர் 2-ந் தேதி வெளியாயிற்று. அதே செப்டம்பர் 2-ந் தேதி, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் வில்ஹெல்ம் ஹாக்கே என்பவர், பிளாட்டிபஸுக்குப் பங்காளியாகிய எகிட்னா என்ற முள்ளுடம்புப் பிராணியின் முட்டையைச் சபையில் எடுத்துக் காட்டினார். ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு செய்ததல்ல. அன்றோடு அந்த வாக்கியம் ஒழிந்தது. பிராணியை மாற்ற முடியாது. ஆகவே வகுப்பின் இலக்கணத்தை மாற்றிக்கொண்டார்கள். சாஸ்திரத்துக்கு விரோதமாய் முட்டையிட்டது என்று அந்தப் பிராணியை யாரும் தள்ளி வைக்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். மனிதனை எங்கே வைத்தார்கள்? லின்னேயஸ் மனிதனையும் குரங்கையும் ஒரே வரிசையில் வைத்தார். பாதிரிகளும் பண்டிதர்களும் கோபித்துக்கொண்டார்கள். 1747-இல் ஒரு கடிதத்தில் அவர், இரண்டையும் வேறு பேரினமாக்கத் தக்க வித்தியாசம் எது, யாராவது காட்டட்டும் என்று சவால் விட்டார். இதுவரை சபாஷ். ஆனால் அதே மனிதர் 1758-இல் மனிதரை நிறத்தைக்கொண்டு நாலாகப் பிரித்து, வெள்ளையன் சட்டப்படி நடப்பவன், கறுப்பன் மனம்போனபடி நடப்பவன் என்றெல்லாம் குணம் கற்பித்து எழுதினார். இதற்கு எந்தப் பல்லைப் பார்த்தார்? எந்த மூலமாதிரியை வைத்தார்? ஐரோப்பாவில் வழங்கின வீண்பேச்சைத்தான் எடுத்து எழுதினார். ஏழு தலைப் பாம்பின் வாயைத் திறந்து பார்த்த கண், இங்கே தூங்கிப்போய்விட்டது. அதனால் விளைந்த கேடு கொஞ்சநஞ்சமல்ல. 1972-இல் ரிச்சர்டு லெவான்டின் என்பவர், மனித இரத்தத்திலுள்ள பரம்பரைக் குறிகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார். மனிதருக்குள் இருக்கும் வித்தியாசத்தில் நூற்றுக்கு 85 பங்கு ஒரே கூட்டத்தாருக்குள்ளேயே இருக்கிறது, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவிலல்ல என்று கண்டார். லின்னேயஸ் தப்பை அவருடைய சாஸ்திரத்தைக் கொண்டே திருத்தியாயிற்று.

மாட்டிலே ஜாதி என்கிறோம், மாம்பழத்திலே ஜாதி என்கிறோம். அதே வார்த்தையை மனிதனுக்கும் சொல்கிறோம். மாட்டைப் பார்த்தால் காங்கேயம் என்று கொம்பைக்கொண்டு சொல்லலாம். மேல்ஜாதி என்கிறவனையும் கீழ்ஜாதி என்கிறவனையும் துணி மாற்றி, பெயர் சொல்லாமல் இங்கே நிறுத்தினால், எந்த அங்கத்தைப் பார்த்து எந்தப் பண்டிதர் இனம் பிரிப்பார்? பிரிக்கத் தெரிந்தவர்கள் மேடைக்கு வரலாம், காத்திருக்கிறேன்.

புதிது கண்டுபிடிப்பதெல்லாம் ஆஸ்திரேலியாவில்தான் என்று எண்ணிவிடாதீர்கள். 2003-இல் கேரளத்து இடுக்கி மலையில் பிஜுவும் பெல்ஜியத்துப் போசுயிட்டும் ஊதா நிறத் தவளை ஒன்றை வர்ணித்தார்கள். உப்பின உடம்பு, பன்றி மூக்கு. வருஷமெல்லாம் மண்ணுக்குள் இருந்து, மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மாத்திரம் மேலே வரும். வருஷத்துக்கொரு தரம் வருகிற மாவலி மன்னனை நினைத்து மாவேலித் தவளை என்று அதற்கொரு பேரும் உண்டு. அதன் தலைப்பிரட்டையை 1918-இலேயே அன்னண்டேல் எழுதி வைத்திருந்தார். தாய் யார் என்று தெரிய 85 வருஷம், இங்கேயும் அதே 85! மலைவாசிகளோ அந்தத் தலைப்பிரட்டையைச் சமைத்தே தின்றுகொண்டிருந்தார்கள். அதன் நெருங்கிய உறவுத் தவளைகள் கடலுக்கப்பால் செஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. தவளை கடல் தாண்டாது. தரைதான் பிரிந்து போயிருக்கவேண்டும். 2017-இல் நம் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் கிடைத்தது வேறு இனம் என்று கண்டு, 2014-இல் காலமான தவளை பாம்பு ஆராய்ச்சியாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அந்தத் தவளையின் படமும், பிளாட்டிபஸின் படமும், ஹாம்பர்க் ஏழு தலைப் பாம்பின் படமும் இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் முதலில் வந்து பார்க்கட்டும். மலையோரத்துக் கிராமத்துத் தோழர்கள் யாராவது மழைக்காலத்தில் இந்தத் தவளையைப் பார்த்திருந்தால், எந்த மாதத்தில், எந்த ஓடையில் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள், எழுதிக்கொள்கிறேன்.